மலையடிவாரப் படங்களுக்கு ஒரு பிரிண்டர்

திருமலைக் கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது. ஆகவே ஒரு குடும்பத்தின் திருப்பதிப் பயணம் படமாவதெல்லாம் கோயிலுக்கு வெளியில்தான்; நடந்து ஏறுகிறவர்களுக்கு அதில் பெரும்பங்கு, படிவழி தொடங்கும் மலையடிவாரமான அலிபிரியில். பாதால மண்டபத்தில் சுவாமியின் பாதரட்சையைத் தலையில் சுமந்து சுற்றும் அப்பா, 3,550 படிக்கும் மஞ்சள் குங்குமம் இடுவதாக வேண்டிக்கொண்டு முதல் படியில் குனிந்திருக்கும் அத்தை, கருடன் சிலைக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பிள்ளைகள், இறங்கி வந்தபின் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சிணுங்கும் ஒரு வயதுக் குழந்தை. இந்தப் படங்கள் போனிலேயே கிடக்கின்றன. போன் மாறும்போது தொலைந்தும் போகின்றன. படியேற முடியாமல் வீட்டில் தங்கிவிட்ட தாத்தா பாட்டிக்கு அவற்றைக் கையில் கொடுக்க வேண்டுமென்றால் அச்சிட்டே ஆகவேண்டும்.

அதற்கான பிரிண்டரை, கையைக் கடிக்காத செலவில், எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இந்த அத்தியாயம். திருப்பதி, சித்தூர், காளஹஸ்தி, புத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வேலூர், அரக்கோணம், சென்னையிலிருந்து ஆண்டுதோறும் மலையேற வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

சும்மா கிடக்கும் மாதங்கள்

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “பத்தாயிரத்துக்குள்ள எது நல்லா இருக்கும்?” என்றுதான். அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, போன வருடம் எந்தெந்த மாதம் எத்தனை படம் அச்சுக்குக் கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் படம் சேர்வது சீராக நடப்பதில்லை. புரட்டாசியில் பிரம்மோற்சவத்துக்குப் போய்வந்தால் முப்பது படம். கோடை விடுமுறையில் உறவுக்காரர்கள் வந்தால் இன்னும் முப்பது. மொட்டை, காதுகுத்து, கல்யாணம் என்று ஏதாவது வந்தால் நூறு. நடுவில் மூன்று நான்கு மாதம் ஒரு படமும் இராது.

இங்க் பிரிண்டருக்குப் பகை இந்த இடைவெளிதான். பிரிண்டரின் அச்சுமுனையில், அதாவது ‘ஹெட்’டில், இங்க் வெளியே வரும் துளைகள் தலைமயிரைவிட மெல்லியவை. இங்க்கில் பெரும்பகுதி தண்ணீர். அச்சிடாமல் விட்டால் துளை வாயில் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும். அடைப்பு எடுக்க ‘ஹெட் கிளீனிங்’ கொடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் நல்ல இங்க் உறிஞ்சப்பட்டு, பிரிண்டருக்கு அடியிலுள்ள பஞ்சில் போய்ச் சேர்கிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டதாகப் பிரிண்டர் கணக்கிட்டால் அச்சே நின்றுவிடும்; சர்வீஸுக்குத் தூக்க வேண்டியதுதான். வாங்கும்போது மலிவாக இருந்த கருவி, சும்மா கிடந்தே விலையேறுவது இப்படித்தான்.

கணக்காகவும் பார்க்கலாம். 12,000 ரூபாய்க்கு ஒரு பிரிண்டர் வாங்கி ஐந்து ஆண்டு வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். ஆண்டுக்கு 60 படம் என்றால் மொத்தம் 300 படம். ஒவ்வொரு படத்தின் தலையிலும் கருவிக்காக மட்டும் 40 ரூபாய். இங்க்கும் தாளும் இதில் சேரவில்லை. ஆண்டுக்கு 600 படம் என்றால் அதே செலவு படத்துக்கு 4 ரூபாயாக இறங்கிவிடும். உங்கள் தெரு ஸ்டுடியோவில் மேக்ஸி சைஸ், அதாவது 4×6 அங்குலப் படத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஆண்டுக்கு நூறு படத்துக்குக் குறைவாகப் போடுகிற வீடு, காசை மட்டும் பார்த்தால், பிரிண்டர் வாங்கத் தேவையே இல்லை. ஸ்டுடியோ லேபில் ஒளியால் பதித்து ரசாயனத்தில் கழுவி எடுக்கும் படம் தரத்திலும் ஆயுளிலும் வீட்டுப் படத்துக்குக் குறைந்ததல்ல. இதை இந்த நூலில் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன்.

பிறகு எதற்கு வீட்டில் பிரிண்டர்? மூன்று காரணங்களை நான் ஒப்புக்கொள்வேன். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்து, புராஜெக்ட், ஹால் டிக்கெட், தரிசன டிக்கெட் என்று வாரா வாரம் ஏதாவது அச்சிட வேண்டியிருந்தால் பிரிண்டர் எப்படியும் தேவை. படமும் அதிலேயே போகட்டும். குடும்பப் படங்களை வெளியாள் கையில் கொடுக்க விருப்பமில்லை என்றால் அதுவும் நியாயமே. வந்த உறவினர் ஊர் திரும்பும் முன் படத்தைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது மூன்றாவது. அந்தச் சந்தோஷத்துக்கு விலை போட முடியாது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன்.

கடையில் இருப்பவை

லேசர் பிரிண்டரை முதலிலேயே விலக்கிவிடுங்கள். எழுத்துக்கு அது நல்லது. கலர் லேசராக இருந்தாலும் முகத்தின் மென்மையைத் தராது. சாதாரண போட்டோ தாளை அதற்குள் விட்டால் உள்ளேயிருக்கும் சூட்டில் தாளின் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

சின்ன கார்ட்ரிட்ஜ் போடும் இங்க்ஜெட், விலைப்பட்டியலில் மிகக் கீழே நிற்கும். படத்துக்காக அதை வாங்காதீர்கள். 4×6 படம் ஒன்று தாளின் ஓரம் வரை இங்க்கால் நிறைவது. பெட்டியில் போட்டிருக்கும் ‘இத்தனை பக்கம்’ என்ற எண்ணோ, பக்கத்தில் சிறு பகுதி மட்டுமே இங்க் படும் எழுத்துப் பக்கத்துக்கானது. சில கார்ட்ரிட்ஜ் மாற்றினாலே பிரிண்டரின் விலை வந்துவிடும்.

அடுத்தது இங்க் டேங்க். எப்சனின் எல் 3210, எல் 3250, கேனானின் ஜி வரிசை, எச்.பி.யின் ஸ்மார்ட் டேங்க் எல்லாம் இந்த இனம். பாட்டிலிலிருந்து இங்க்கை ஊற்றிக்கொள்ளலாம். இங்க் செலவு உண்மையிலேயே குறைவு. இவற்றில் கறுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நான்கே வண்ணம். பள்ளி வேலையும் படமும் சேர்ந்து நடக்கும் வீட்டுக்கு இதுவே போதும்.

வாங்கும் முன் இரண்டு செய்தி தெரிந்திருக்க வேண்டும். எப்சன், மின்சாரம் பட்டால் நெளியும் படிகத்தால் இங்க்கைத் தள்ளுகிறது. ஹெட் கருவியோடு பிணைந்தது, கெட்டால் சர்வீஸ் சென்டர்தான் மாற்ற வேண்டும், செலவும் அதிகம். கேனானும் எச்.பி.யும் இங்க்கை நொடிப்பொழுது சுடவைத்துக் குமிழியாக்கித் தெறிக்கவிடுகின்றன. கேனான் ஜி வரிசையின் சாதாரண மாடல்களில் ஹெட்டை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். மாதக்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் பிரிண்டர் என்றால் இந்த வேறுபாடு பெரிது. ஆனால் அதே கேனான் மாடல்களில் கறுப்பு மட்டும் நுண்பொடி மிதக்கும் பிக்மென்ட் இங்க், மற்றவை சாயம் கரைந்த டை இங்க். பளபளப்பான தாளில் பிக்மென்ட் கறுப்பு உட்காராது. அதனால் படம் அச்சிடும்போது மற்ற மூன்று வண்ணத்தைக் கலந்தே கறுப்பு உண்டாக்கப்படுகிறது. ஆழ்ந்த கருமை கிடைப்பது கடினம். கருங்கூந்தலும் இரவு நேரப் படமும் கொஞ்சம் பழுப்படிக்கும்.

ஆறு வண்ணம் எதற்கு

படத்துக்கென்றே செய்த டேங்க் பிரிண்டர்களும் உண்டு. எப்சன் எல் 8050, அதற்கு முன் பல ஆண்டு ஸ்டுடியோக்காரர்களின் கையாளாக இருந்த எல் 805, கேனான் ஜி 570, ஜி 670. எல்லாவற்றிலும் ஆறு இங்க். எப்சன், நீலத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் வெளிறிய ஜோடி ஒன்றைச் சேர்க்கிறது. கேனான், சிவப்பையும் சாம்பலையும் சேர்க்கிறது. நான்கு வண்ண டேங்கைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விலை என்பதால், இந்தக் கூடுதல் இங்க் என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

மொட்டைக் குழந்தையின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் சந்தனம், வெயில் படும் உச்சியில் ஏறக்குறைய வெண்மை, அங்கிருந்து காதுவரை மெல்ல மெல்ல மஞ்சளும் பழுப்புமாக நிறம் இறங்குகிறது. எங்கும் ஒரு கோடு கிடையாது, முடி கிடையாது, கண்ணை வேறு பக்கம் திருப்ப ஒன்றும் கிடையாது. பிரிண்டருக்கு இதைவிடக் கடினமான சோதனை வைப்பது அரிது. நான்கு வண்ணப் பிரிண்டரிடம் வெளிறிய நிறத்துக்கென்று தனி இங்க் இல்லை. அழுத்தமான நிறப்புள்ளிகளை இடைவெளி விட்டுத் தெளித்தே வெளிறலைக் காட்டியாக வேண்டும். உற்றுப் பார்த்தால் குழந்தையின் உச்சந்தலையில் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும். வெளிறிய நீலமும் வெளிறிய இளஞ்சிவப்பும் கையில் இருந்தால் அந்த இடத்தில் புள்ளிகளை நெருக்கமாக வைக்கலாம். தோல் தோலாகத் தெரியும். முகம் பெரிதாக உள்ள படங்களை விரும்புகிறவர்களுக்கு ஆறு வண்ணத்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. மலையும் மரமும் கோபுரமும் கூட்டமும் உள்ள படங்களில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

பெட்டிமேல் போட்டிருக்கும் புள்ளிக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எல் 3210 பெட்டியிலும் 5760×1440 என்று இருக்கும். எல் 8050 பெட்டியிலும் அதே எண்தான். மேலே சொன்ன உச்சந்தலையை அந்த எண் காட்டிக்கொடுக்காது.

ஆறு வண்ணமாக இருந்தாலும் இதுவும் இங்க்ஜெட்தான்; காய்ந்து போகும் தொல்லை அப்படியே உண்டு, இங்கே துளைகளும் அதிகம். எல் 805-க்கு ஒரு செட் இங்க்கில் 4×6 அளவில் 1,800 படம் வரை வரும் என்று எப்சன் சொன்னது. ஸ்டுடியோவுக்கு அது வரம். ஆண்டுக்கு 200 படம் போடும் வீட்டில் அந்த ஒரு செட் ஒன்பது ஆண்டு கிடக்கும். அவ்வளவு காலம் இங்க் நல்லபடி இராது.

சூட்டில் பதியும் படம்

அவ்வப்போது கொத்தாகப் படம் போட்டு, நடுவில் மாதக்கணக்கில் மறந்துவிடும் வீட்டுக்கு நான் சொல்லும் கருவி வேறு. டை சப்ளிமேஷன் பிரிண்டர். வீட்டு அளவில் இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது கேனான் செல்ஃபி, 2017-இல் சி.பி. 1300, 2022-இல் சி.பி. 1500 வந்தன.

இதில் திரவ இங்க் கிடையாது. சாயம் பூசிய மெல்லிய ரிப்பன் இருக்கிறது. சூடேறும் முனை ரிப்பனைத் தாளோடு அழுத்த, சாயம் ஆவியாகித் தாளின் பூச்சுக்குள் இறங்குகிறது. தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வரும்: மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், கடைசியாக நிறமில்லாத காப்புப் பூச்சு. சி.பி. 1500-இல் முக்கால் நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அங்குலத்துக்கு 300 புள்ளிதான். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு நிறத்தையும் 256 படிநிலையில் கூட்டிக் குறைக்க முடியும். அதனால் மொட்டைத் தலையில் தெளிப்பே தெரியாது.

காய்ந்துபோக எதுவும் இல்லாததால் ஆறு மாதம் பீரோவில் வைத்து எடுத்தாலும் முதல் படமே சரியாக வரும். அலிபிரிக் குடும்பங்களுக்கு இதை முதலிடத்தில் வைப்பதற்கு அந்த ஒரு குணமே எனக்குப் போதும். செலவும் ஒளிவுமறைவு இல்லாதது. ரிப்பனும் தாளும் 36 அல்லது 108 படத்துக்கான பொட்டலமாகச் சேர்ந்தே வரும். பொட்டலத்தின் விலையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு படத்தின் விலை வந்துவிடும். கறுப்பு நிறைந்த படமோ வெளிறிய படமோ, ஒரே செலவு.

குறைகளும் உண்டு. பெரிய அளவு கிடையாது. 100×148 மில்லிமீட்டர்தான் உச்சம். எழுத்து அச்சிட ஆகாது. ஒரு படத்தின் விலை, இங்க் டேங்கில் வருவதைவிடவும் பல ஸ்டுடியோ விலையைவிடவும் கூடுதலாகவே நிற்கும். தாள் பின்பக்கம் வெளியே நீண்டு திரும்புவதால் தூசி ஒட்டினால் படத்தில் வெள்ளைப் பொட்டு விழும். காற்றில் புழுதி பறக்கும் நாளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அச்சிடுங்கள். கடுங்கோடையில் தொடர்ந்து போட்டால் சூடு தணிய நடுவில் நின்று நின்று போகும், அது பழுதல்ல. பயன்படுத்திய ரிப்பனில் உங்கள் படத்தின் தடம் அப்படியே நிறம் நிறமாக இருக்கும். குடும்பப் படம் என்பதால் குப்பையில் போடும் முன் வெட்டிப் போடுங்கள்.

கைப்பைக்குள் போகும் ஜிங்க் வகைப் பிரிண்டர்களும், ஃபியூஜிஃபில்மின் இன்ஸ்டாக்ஸும் விளையாட்டுக்கு நன்றாக இருக்கும். ஜிங்க் தாளில் நிறம் தாளுக்குள்ளேயே இருந்து சூட்டில் மலர்கிறது. தோல் நிறம் நம்பகமாக வராது. இன்ஸ்டாக்ஸ் மினியில் படப்பகுதி 62×46 மில்லிமீட்டர். எட்டுப் பேர் நின்ற குடும்பப் படத்தில் பாட்டியின் முகத்தைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்று படத்தோடு கடைக்குப் போங்கள்

எந்தப் பிரிண்டர் என்று ஓரளவு தீர்மானித்தபின், மாதிரி அச்சு போட்டுக் காட்டும் கடையாகப் பார்த்துப் போங்கள். நிறுவனம் கொடுத்த கிளியும் பூவும் உள்ள மாதிரிப் படம் எந்தக் கருவியிலும் அழகாகவே வரும். உங்கள் படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். மூன்று போதும்.

ஒன்று, சந்தனம் பூசிய மொட்டைத் தலை அல்லது வெளிச்சத்தில் எடுத்த முகம். புள்ளி தெரிகிறதா, சந்தனம் பச்சையடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, மஞ்சளும் குங்குமமும் இட்ட படிக்கட்டு. குங்குமம் ஒரே சிவப்புப் பூச்சாக அப்பிக்கொண்டால் அந்தக் கருவியோ அமைப்போ சரியில்லை. குங்குமப் பொடியின் மணிமணியான தன்மை தெரிய வேண்டும். மூன்றாவது, விடியும் முன் ஏறத் தொடங்கும்போது, கூரை போட்ட படிவழியில் மின்விளக்கின் கீழ் எடுத்த படம். அதில் கறுப்புத் தலைமுடிக்கும் கறுத்த பின்னணிக்கும் நடுவே வேறுபாடு தெரிகிறதா என்பதே கேள்வி.

அச்சான தாளைக் கடையின் வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் நன்றாகத் தெரிந்த சாம்பல் நிறம் வெளியே ஊதாவாகத் தெரிவதுண்டு. போன் திரையில் இருந்ததைவிடப் படம் இருட்டாக இருப்பது மட்டும் பிரிண்டரின் குற்றமல்ல. திரை தானே ஒளி வீசுகிறது, தாள் வீசாது. அச்சிடும் முன் வெளிச்சத்தைச் சற்று ஏற்றிக்கொள்வது எல்லோருக்கும் தேவைப்படும் வேலை.

தாள்

பிரிண்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுத் தாளில் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். டேங்க் பிரிண்டரில் பாதிப் படம் தாள்தான். ஸ்டேஷனரிக் கடையில் நூறு தாள் கட்டாக மலிவாகக் கிடைக்கும் கிளாஸி தாள் பெரும்பாலும் காகிதத்தின்மேல் ஒரு பக்கம் பூச்சுப் போட்டது. 180 ஜி.எஸ்.எம். என்று போட்டிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் குடித்துச் சுருளும். பிள்ளைகளின் புராஜெக்ட்டுக்குப் போதும். வைத்துப் பார்க்கும் படத்துக்குப் போதாது. ஆர்.சி. என்று குறித்திருக்கும் தாளில் காகிதத்தின் இரு பக்கமும் பிளாஸ்டிக் படலம் இருக்கும். ஸ்டுடியோப் படம்போல் விறைப்பாக நிற்கும். எடை பெரும்பாலும் 230-க்கு மேல். சந்தேகமிருந்தால் ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் அது வெறும் காகிதம்.

தாள் மாறினால் பிரிண்டர் அமைப்பில் தாளின் வகையையும் மாற்ற வேண்டும். ‘சாதாத் தாள்’ என்று விட்டுவிட்டுப் போட்டோ தாளை வைத்தால் இங்க்கின் அளவு தப்பிப்போய்ப் படம் மங்கலாகவோ ஈரம் கசிந்தோ வரும். வீட்டுப் படம் நன்றாக வரவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அச்சானதை உடனே அடுக்கக் கூடாது. ஒரு நாள் காற்றில் ஆறட்டும். மிச்சத் தாளை அதன் உறையிலேயே போட்டு வாயை ஒட்டி வையுங்கள்.

கலசம் வெட்டுப்படாமல்

போனில் எடுக்கும் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். மேக்ஸி தாள் 3:2. ஓரம் விடாமல் தாளை நிறைக்கச் சொன்னால், படத்தின் உயரத்திலோ அகலத்திலோ ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். நிற்க வைத்து எடுத்த கோபுரப் படத்தில் பக்கத்தில் நிற்கும் ஒருவர் தோளோடு போவார். படுக்கை வாட்டில் எடுத்ததில் மேலே கலசமோ கீழே காலோ போகும். பாத தரிசனத்துக்குப் போய் எடுத்த படத்தில் கால் இல்லாமல் இருந்தால் பெரியவர்களுக்கு மனம் ஆறாது. எங்கே வெட்டுவது என்பதைப் பிரிண்டரிடம் விடாமல், போனிலேயே 3:2 என்று வெட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கூடுமானால் எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள்.

தெளிவைப் பற்றிக் கவலை வேண்டாம். 4×6 படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200×1800 போதும். சுமார் 22 லட்சம் புள்ளிகள். எந்தப் பழைய போனும் இதைத் தரும். ஏ4 அளவுக்குத்தான் 87 லட்சம் வேண்டும். ஆனால் மைத்துனர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருக்கப்பட்டு வந்திருக்கும். அதை அச்சிட்டால் முகம் மெழுகியதுபோல் ஆகும். படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படம் அப்படியே வரும்.

பாஸ்போர்ட் சைஸ் படமும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். 35×45 மில்லிமீட்டர் அளவில் ஒரு 4×6 தாளில் எட்டு அடங்கும். செல்ஃபியின் தாளிலும் எட்டுதான். பள்ளி சேர்க்கை, பேங்க் கணக்கு என்று அலையும் வீட்டுக்கு இந்த ஒன்றே ஆண்டில் நல்ல மிச்சம்.

சுவிட்சும் பூஜையறையும்

டேங்க் பிரிண்டர் வாங்கினால் ஒரு பழக்கத்தை விட்டாக வேண்டும். வேலை முடிந்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பது நம் வழக்கம். பிரிண்டரில் அதைச் செய்யக் கூடாது. பிரிண்டரின் மேலுள்ள பட்டனை அழுத்தினால்தான் ஹெட் தன் மூடிமேல் போய் உட்காரும்; துளைகள் மூடப்படும். சுவரில் அணைத்தால் ஹெட் நின்ற இடத்திலேயே திறந்தபடி காயும். கரண்ட் அடிக்கடி போகும் தெருவில் இருப்பவர்கள், கரண்ட் வந்ததும் பிரிண்டரை ஒரு முறை போட்டுப் பட்டனால் அணைத்துவிடுவது நல்லது. வாரம் ஒரு முறை கலரில் ஏதாவது ஒரு சிறிய படம் அச்சிடுங்கள். அதற்கு ஆகும் இங்க், ஹெட் கிளீனிங்கில் போவதைவிடக் குறைவு. வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

அச்சான படம் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். டை இங்க் படம் வெளிச்சத்திலும் காற்றிலும் நிறம் இழக்கும். அதைக் கொண்டுபோய்ப் பூஜையறையில் மாட்டுவது நம் வீடுகளில் வழக்கம். விளக்குப் புகையும் ஊதுவத்திப் புகையும் சூடும் அதற்கு ஆகாது. கண்ணாடி போட்ட ஃபிரேமில் வைத்து, விளக்குக்கு நேர் மேலே இல்லாமல் மாட்டுங்கள். கண்ணாடியும் படமும் நேராக ஒட்டாதபடி நடுவில் அட்டை விளிம்பு போடச் சொல்லுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. செல்ஃபிப் படத்துக்குக் காப்புப் பூச்சு இருப்பதால் கைரேகை, தண்ணீர்த் துளி பயமில்லை. ஆல்பத்தில் 100 ஆண்டு நிற்கும் என்று கேனான் சொல்கிறது. ஆனால் மெத்தென்ற பி.வி.சி. உறையோடு நெடுங்காலம் ஒட்டிக்கிடந்தால் சாயம் அதற்குள் ஏறிவிடும். காகிதப் பக்கமுள்ள ஆல்பமாகப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

சித்தூரிலும் திருப்பதியிலும் இருப்பவர்களில் பலர் எலக்ட்ரானிக் சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வருகிறார்கள். விலை சற்றுக் குறையலாம். எனினும் நீங்கள் வாங்கும் நிறுவனத்தின் சர்வீஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எட்டுக் கிலோப் பெட்டியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவது எளிதல்ல. பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். அடுத்த பாட்டில் இங்க்கும் அடுத்த கட்டுத் தாளும் உள்ளூரில் எங்கே கிடைக்கும் என்பதை அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செல்ஃபிக்கு இது இன்னும் முக்கியம். பொட்டலம் கிடைக்காத மாதத்தில் அது வெறும் பெட்டி. ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றால் பிரம்மோற்சவத்துக்கு முன்பே ஒரு பொட்டலம் வாங்கி வைத்துவிடுங்கள்.

வேறு நிறுவனத்து மலிவு இங்க்கை வாரன்டி காலத்தில் ஊற்றாதீர்கள். பிறகு ஊற்றுவதானால் ஒரே வகையையே தொடருங்கள். இரண்டைக் கலந்தால் நிறம் தப்பும், சில நேரம் கட்டிதட்டி அடைக்கும்.

பழைய எல் 805 ஒன்று ஸ்டுடியோவிலோ அடையாள அட்டை அச்சிடும் கடையிலோ விலைக்கு வந்தால், உடனே ஒதுக்க வேண்டியதில்லை. பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்முன், துளைகளைச் சோதிக்கும் ‘நாஸில் செக்’ போடச் சொல்லுங்கள். ஆறு நிறக் கோடுகளிலும் ஒரு வெட்டும் இருக்கக் கூடாது. அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். முதல் முறை சரியாக இருந்து இரண்டாம் முறை கோடு அறுந்தால் ஹெட்டுக்குள் காற்று ஏறுகிறது, வாங்காதீர்கள். கழிவு இங்க் பஞ்சை எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். மாற்றவே இல்லை, கணக்கை மட்டும் மென்பொருளால் பூஜ்யமாக்கினோம் என்று பதில் வந்தால், பிரிண்டரைச் சற்றே சாய்த்து அடியில் இங்க் கசிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பஞ்சு மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.